ஆறு மணிக்குப் பார்த்த கோள்

நாள் 1502 | 06:00

ஒளி அளவு 438. கேமரா குளிர்ச்சி சரி. அறை வெப்பம் 21. தண்ணீர் பம்ப் வழக்கம்போல் முனகுகிறது.

புதுக் குறிப்பேடு தொடங்கும்போதெல்லாம் ஆள் யார், வேலை என்ன என்று எழுத வேண்டும் என்பது விதி. இது பதினாறாவது குறிப்பேடு. இதை எடுத்துப் படிப்பவர் முதல் பதினைந்தையும் படித்திருக்க மாட்டார் என்று யாரோ ஒரு புத்திசாலி யோசித்திருக்கிறார்.

என் பெயர் செலஸ்டின் மோத்தா. ஊர் தூத்துக்குடி. வயது நாற்பத்தாறு, உறக்கப் பெட்டியில் கழிந்த எண்பது வருடம் நீங்கலாக. ‘சுக்கான்’ என்ற இந்தச் சின்னக் கலத்தில் நான் ஒருவன்தான். எனக்குப் பின்னால் பத்தொன்பது ஒளிநாள் தூரத்தில் ‘தோணி’ வருகிறது. அதில் தொள்ளாயிரத்துப் பதினோரு பேர். இரண்டு கலமும் ஒரே வேகம், இடைவெளி மாறாது. நான் ஒரு வார்த்தை சொன்னால் அவர்களுக்குப் போய்ச் சேரப் பத்தொன்பது நாள். பதிலுக்கு அவர்கள் திட்டினால் அது வந்து சேரவும் பத்தொன்பது நாள். அதற்குள் எதற்குத் திட்டு என்பதே எனக்கு மறந்திருக்கும்.

நாங்கள் இறங்கப்போகும் கோளுக்குப் புதுக்கரை என்று பெயர். அதன் ஒரு நாள் எவ்வளவு நீளம் என்று கண்டுபிடிப்பது என் வேலை. இங்கிருந்து பார்த்தால் அது வெறும் புள்ளி. ஆனால் அந்தப் புள்ளியின் வெளிச்சம் ஏறி இறங்கும். நிலம் நம் பக்கம் திரும்பினால் கூடும், கடல் திரும்பினால் குறையும். ஏறி இறங்கிப் பழைய இடத்துக்கு வர ஆகும் நேரம்தான் அங்கே ஒரு நாள். மேகம் குறுக்கே வந்து கெடுக்கும் என்பதால் மாதக்கணக்கில் அளக்க வேண்டும். 372ஆம் நாள் நான் விடை சொன்னேன்: இருபத்தாறு மணி முப்பத்தாறு நிமிடம்.

புறப்படும்போதே ஒரு வரம்பு வகுத்திருந்தார்கள். நாள் நாற்பது மணிக்கு மேல் நீண்டால் அங்கே இறங்கக் கூடாது. நாங்கள் கொண்டுபோகும் விதைகள் அவ்வளவு நீண்ட இருட்டைத் தாங்காது, வீடுகள் அந்தக் குளிரையும் வெயிலையும் தாங்காது. இறங்க முடியாவிட்டால் தோணி அடுத்த விண்மீனுக்கு வளைந்து போக வேண்டும். அதற்கு நாற்பத்தொரு வருடம். உறக்கப் பெட்டி ஓர் உடம்புக்கு ஒரு முறைதான், ஆகவே நாற்பத்தொரு வருடமும் விழித்தபடிதான் போக வேண்டும்.

இருபத்தாறரை மணி என்று நான் சொன்னதும் தோணியில் இனிப்புக் கொடுத்தார்களாம்.

நாள் 1502 | 09:40

தோணியிலிருந்து செய்தி. பேசுவது என் அக்கா ரொசிட்டா. தோணியின் விளக்குகள் அவள் பொறுப்பு. புதுக்கரையின் நாளுக்கு எல்லோருடைய உடம்பையும் பழக்குவதற்காக, விளக்கெரியும் நேரத்தையும் அணையும் நேரத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டிக்கொண்டே வருகிறாள்.

“ஏல செலஸ்டின், அக்கா பேசுதேன். விளக்கு வேல முடிஞ்சிட்டுல. வாரத்துக்கு ஒரு நிமிசம், மூணு வருசம். இன்னைக்குக் காலைல கடைசி நிமிசத்தயும் ஏத்திட்டேன். இனி நமக்கும் புதுக்கரைக்கும் ஒரே நாளு. என் மவ மெர்லினுக்கு இருவத்து நாலு மணின்னா என்னன்னே தெரியாது, பாத்துக்க. தண்டல் அருமைநாயகம் சபையில கேட்டாவ, இந்த ஒரு எண்ண நம்பி எஞ்சினப் பத்த வைக்கலாமான்னு. நான் எந்திரிச்சுச் சொன்னேன், என் தம்பி ஆறு மணின்னா ஆறு மணிக்கு எந்திரிக்கவன், அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு. எல்லாரும் கை தூக்கிட்டாவ. இன்னையிலேந்து அறுவதாம் நாள் பத்த வைக்கோம். முந்திரி கொஞ்சம் ஒதுக்கி வச்சிருக்கேன். வந்ததும் உனக்கு மக்ரூன் செஞ்சு தாரேன். ஒழுங்கா சாப்பிடு.”

தண்டல் என்றால் எங்கள் ஊர்த் தோணிகளில் தலைவர். விண்வெளிக்கு வந்தும் அந்தப் பெயரை விடவில்லை.

செய்தி கிளம்பியது 1483ஆம் நாள். ஆகவே பற்றவைப்பு 1543இல். பற்றவைத்தால் எரிபொருள் முழுவதும் புதுக்கரையில் நிற்பதற்கே செலவாகும், பிறகு வேறெங்கும் போக முடியாது. அதற்கு முன் நான் ஏதாவது சொல்ல வேண்டுமானால் 1524க்குள் அனுப்ப வேண்டும். சொல்ல ஒன்றும் இல்லை. என்னிடம் இருபது மாதச் சாப்பாடு இருக்கிறது. நான் முன்னால் போய்ப் புதுக்கரைக்குப் பக்கத்தில் நிற்பேன், சாப்பாடு தீர்வதற்குள் தோணி வந்து என்னை ஏற்றிக்கொள்ளும்.

எங்கள் ஊர் இனிப்பான மக்ரூனை நினைத்துக்கொண்டே மதியக் கஞ்சியைக் குடித்தேன்.

நாள் 1506 | 06:00

ஒளி அளவு 413. சரி.

பம்ப் நின்றுவிட்டது. நாலு வருடமாக முனகி முனகிப் பயமுறுத்திய சனியன் கடைசியில் சொன்னதைச் செய்துவிட்டது. தொட்டியில் பன்னிரண்டு நாள் தண்ணீர். பிரித்துப் பார்க்கிறேன்.

நாள் 1511 | 13:10

குழப்பமாக இருக்கிறது. வரிசையாக எழுதுகிறேன்.

இந்தக் கலத்தில் மின்சாரம் போதாது. பம்பும் ஹீட்டரும் ஓடும்போது கேமராவைக் குளிர்விக்க முடியாது. அதனால் ஒரு நாளைக்கு நாற்பது நிமிடம் அவற்றை நிறுத்திவிட்டு, கேமராவைப் போட்டு, ஒரு தடவை அளப்பேன். இப்போது பம்ப் தரையில் துண்டு துண்டாகக் கிடப்பதால் மின்சாரம் மிச்சம். கேமரா காலையிலிருந்து ஓடிக்கொண்டே இருக்கிறது. சும்மா ஓடுகிறதே, ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க இன்னொரு தடவை அளந்தேன்.

06:00 மணிக்கு 412. இருபத்தாறரை மணி நாளில் ஏழு மணி நேரம் என்பது கால் சுற்றுக்கும் மேல். இந்நேரம் கடல் பக்கம் திரும்பி 381க்கு இறங்கியிருக்க வேண்டும்.

418 காட்டுகிறது.

நாள் 1511 | 20:30

424.

கேமரா கெட்டுவிட்டது என்று நினைத்து, மாறாத வெளிச்சம் உள்ள மூன்று விண்மீன்களை அளந்தேன். மூன்றும் நாலு வருடமாக உள்ள அதே எண். கேமராவுக்கு ஒன்றும் இல்லை.

நாள் 1512 | 06:00

432. என் கணக்கும் 432 என்றுதான் சொல்கிறது.

ஆறு மணிக்கு மட்டும் எல்லாம் சரியாக வருகிறது.

நாள் 1513 | 16:15

கண்டுபிடித்துவிட்டேன். பம்பை அப்படியே போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

புதுக்கரை இருபத்து நாலு மணி நேரத்தில் பத்தில் ஒரு பங்குதான் சுற்றுகிறது. நான் தினமும் காலை ஆறு மணிக்குப் பார்க்கிறேன். நேற்றைக்கும் இன்றைக்கும் நடுவில் முகம் பத்தில் ஒரு பங்கு நகர்ந்திருக்கிறது. அது உண்மையிலேயே அவ்வளவுதான் நகர்ந்ததா, அல்லது மறுபக்கமாகப் பத்தில் ஒன்பது பங்கு சுற்றி வந்து அதே இடத்தில் நிற்கிறதா? தினம் ஒரு தடவை, ஒரே நேரத்தில் பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். கணினியிடம் எட்டு மணியிலிருந்து அறுபது மணிவரை தேடு என்று நான் சொல்லியிருந்தேன். அது கீழ்ப்படிந்து பத்தில் ஒன்பதை எடுத்துக்கொண்டது. அப்போதே இருபத்திரண்டு மணிக்குப் பக்கத்திலும் இன்னொரு விடை தலைகாட்டியது. அளவில் வந்த பிசிறு என்று தள்ளிவிட்டேன்.

புதுக்கரையின் ஒரு நாள் இருபத்தாறரை மணி அல்ல. ஏறத்தாழ இருநூற்று நாற்பத்தைந்து மணி. ஐந்து நாள் வெயில், ஐந்து நாள் இருட்டு.

பூமியில் இருந்து அளக்கிறவர்களுக்கு இந்தப் பொறி தெரியும். அவர்களுக்கு இரவில்தான் வானம் கிடைக்கும், அதனால் இருபத்து நாலு மணிக்கு ஒரு முறை பார்க்கும்படி ஆகிவிடும், மோசம் போவார்கள். இங்கே இரவும் இல்லை பகலும் இல்லை. அந்தப் பொறி இங்கே வரவே முடியாது. அதை நான் கையோடு கொண்டுவந்திருக்கிறேன்.

நாள் 1513 | 18:40

இதையும் எழுதிவிட வேண்டும்.

அளப்பதற்கு ஒரு நேரப் பட்டியல் கொடுத்திருந்தார்கள். இன்றைக்கு 11:26, நாளைக்கு 03:51, மறுநாள் 19:08 என்று தாறுமாறாக இருக்கும். கிறுக்கன் எழுதிய பஸ் அட்டவணை என்று நினைத்தேன். இந்தப் பொறியில் விழாமல் இருப்பதற்காகத்தான் அதை அப்படிக் கலைத்து எழுதியிருக்கிறார்கள். ஒன்பது நாள் அதன்படி எழுந்தேன். தூக்கம் கெட்டது. சுவரோடு பேச ஆரம்பித்தேன், அழுதேன். அக்காவிடம் சொன்னேன், பதில் வரும்வரை அளக்கவே இல்லை. அவள் பதில் இன்னும் பதிவில் இருக்கிறது.

“தனியா கெடக்கவன் ஒரு நேரம் காலம் வச்சுக்கிடணும்ல. இல்லைன்னா மண்ட கொழம்பிப் போவும். காலைல ஆறு மணிக்கு எந்திரி. மூஞ்சியக் கழுவு, செபம் பண்ணு, வேலையப் பாரு. நான் இங்க உனக்காக ஆறு மணிக்கு எந்திரிக்கேன்.”

அன்றிலிருந்து ஆறு மணி. அதுதான் என்னைப் பைத்தியம் பிடிக்காமல் காப்பாற்றியது. ஆறு மணி அடிக்கும்போது அக்காவும் எழுந்திருப்பாள் என்று நினைத்துக்கொள்வேன். அவள் விளக்குகள் வாரம் ஒரு நிமிடமாக என்னை விட்டு நகர்ந்துபோனது எனக்கு உறைக்கவில்லை.

மாதாந்திரப் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு: “பட்டியல் நேரப்படி அளக்கப்பட்டதா?” ஆம் என்று டிக் போட்டேன். நாற்பத்தொன்பது மாதம், நாற்பத்தொன்பது டிக். யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன். அளந்த நேரத்தைத் தனியாக அனுப்பச் சொல்லி யாரும் கேட்கவில்லை. டிக் இருந்தது, போதும்.

நாள் 1516 | 07:00

ஒளி அளவு 417. இறங்குகிறது.

ஐந்து நாளாக அரை மணிக்கு ஒரு தடவை அளக்கிறேன். 412இல் தொடங்கி ஏறியது, 449இல் நின்றது, இப்போது இறங்குகிறது. பாதிச் சுற்று முடிந்திருக்கிறது.

பம்பை ஒருவழியாகப் பொருத்தினேன். தண்ணீர் ரப்பர் நாற்றம் அடிக்கிறது, ஆனால் தண்ணீர். பம்பும் கேமராவும் சேர்ந்து ஓட வேண்டுமானால் ஹீட்டரை அணைக்க வேண்டும். அணைத்துவிட்டேன். அறை வெப்பம் 6. இருக்கிற சட்டை எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு அடைகாக்கும் கோழிபோல் கேமரா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

எண்ணை மாற்ற வேண்டுமானால் ஒரு முழுச் சுற்றுக்கான அளவு வேண்டும் என்பது விதி. முழுச் சுற்று முடிய 1521 ஆகும். கெடு 1524. நேரம் இருக்கிறது.

நாள் 1521 | 11:00

அளவு 412. ஏறுமுகம். முழுச் சுற்று. இருநூற்று நாற்பத்தைந்து மணி, கால் மணி முன்பின்.

இப்போது சந்தேகம் இல்லை. சந்தேகம் இருந்தால் நன்றாக இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தேன் போலிருக்கிறது.

செய்தியை எழுதிவிட்டேன். இன்னும் அனுப்பவில்லை.

நாள் 1522 | 15:30

அனுப்பவில்லை.

யோசித்துப் பார்த்தேன். நான் சொன்னால் தோணி நிற்காது. அடுத்த விண்மீனுக்கு வளைந்துவிடும். சுக்கானுக்கு நிற்கும் எஞ்சின் உண்டு, வளையும் எஞ்சின் இல்லை. இருபது மாதச் சாப்பாட்டோடு நான் நேராகப் போய் ஆள் இல்லாத ஒரு கோளின் பக்கத்தில் நிற்பேன். அவ்வளவுதான். செத்துப்போவேன். இதைச் சுற்றி வளைத்து எழுத எனக்குத் தெம்பு இல்லை.

நான் சொல்லாவிட்டால் அவர்கள் வருவார்கள். அக்கா வருவாள். மெர்லினைத் தூக்குவேன். மக்ரூன் தின்பேன். பிறகு எல்லோரும் இறங்குவோம். முதல் இருட்டு ஐந்து நாள். விதை முளைத்து, உறைந்து, அழுகும். அடுத்து ஐந்து நாள் வெயில். இரண்டு வருடம் தாங்குவார்களா? தொள்ளாயிரம் பேரில் சில கெட்டிக்காரர்கள் ஏதாவது வழி கண்டுபிடிப்பார்களோ என்றும் தோன்றுகிறது. இந்த நினைப்பை நான் நம்பவில்லை. ஆனாலும் காலையிலிருந்து அதையே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இன்னொரு சுற்றும் அளந்து உறுதி செய்துகொள்ளலாமே என்றும் தோன்றுகிறது. இன்னொரு சுற்றுக்குப் பத்து நாள். கெடுவுக்கு இரண்டு நாள்.

நாள் 1524 | 06:00

அளவு 448.

நாள் 1524 | 23:50

444.

நாள் 1526 | 10:00

கெடு முடிந்து ஒன்றரை நாள் ஆகிறது. இனி அனுப்பினால் அவர்கள் பற்றவைத்த பிறகுதான் போய்ச் சேரும்.

குளிரில் மயங்கிக் கிடந்ததால் அனுப்ப முடியவில்லை என்று நேற்று இங்கே ஒரு பத்தி எழுதினேன். நன்றாகவே எழுதியிருந்தேன், படித்தால் பாவமாக இருக்கும். இப்போது அழித்துவிட்டேன். ஐம்பதாவது டிக் போட மனம் வரவில்லை.

நான் மயங்கவில்லை. அனுப்பும் பொத்தானுக்கு முன்னால் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடிகாரம் பன்னிரண்டைத் தாண்டுவதைப் பார்த்தேன். தாண்டியதும் நிம்மதியாக இருந்தது. அதுதான் உண்மை. ஹீட்டரைப் போட்டுவிட்டு ஒன்பது மணி நேரம் தூங்கினேன்.

எழுந்ததிலிருந்து வாந்தி.

நாள் 1527 | 06:20

செய்தி. அக்கா. கிளம்பியது 1508இல்.

“ஏல, நல்லாருக்கியா? இங்க எல்லாரும் மூட்டயக் கட்டிட்டு நிக்காவ, என்னமோ நாளைக்கே எறங்கப் போற மாதிரி. இன்னும் முப்பத்தேழு நாளு கெடக்கு பத்த வைக்க. மெர்லினு தெனமும் கேக்கா, சூரியன் அணையும்போது யாரு போயி அணைப்பான்னு. அவளுக்கு நான்தான் விளக்கு அணைக்கவ, அதனால சூரியனயும் நான்தான் அணைக்கணும்னு நெனச்சிட்டு இருக்கா. உங்க மாமா அங்க இருக்காவ, அவுககிட்ட கேளுன்னு சொல்லிட்டேன். வந்தா நீதான் பதில் சொல்லணும். வேற ஒண்ணும் இல்லல. குரலு கேக்கணும் போல இருந்துச்சு. பேசு.”

நாலு தடவை கேட்டேன். முதல் மூன்று தடவை அழுவதற்கு. நாலாவது தடவைதான் அந்த முப்பத்தேழு காதில் விழுந்தது.

1508இல் பேசுகிறாள். பற்றவைப்பு 1543 என்றால் மிச்சம் முப்பத்தைந்து நாள்தானே? எண்ணத் தெரியாதவள் இல்லை அக்கா. விளக்கு அவள் கையில்தான் எரிகிறது, நாள் அவள் கையில்தான் பிறக்கிறது.

அங்கே ஒரு நாள் என்பது இருபத்தாறு மணி முப்பத்தாறு நிமிடம். அவள் சொன்ன அறுபது நாள் அந்த நாள்கள். என் நாள்கள் அல்ல. நான் கொடுத்த பொய் எண்ணால் எண்ணிய அறுபது.

கணக்குப் போட்டேன். முப்பத்தேழு நீண்ட நாள் என்றால் என் கணக்கில் நாற்பத்தொன்று. பற்றவைப்பு 1543 அல்ல, 1549. கெடு 1524 அல்ல, 1530.

இன்னும் மூன்று நாள் இருக்கிறது.

நாள் 1527 | 07:05

பயமாக இருக்கிறது. மூன்று நாள் கையில் இருந்தால் மூன்று நாளும் உட்கார்ந்து தோற்றுப்போவேன், எனக்கு என்னைத் தெரியும். எழுதி வைத்திருந்த செய்தியில் எண் மட்டும்தான் இருந்தது. பம்ப் உடைந்த கலத்திலிருந்து வந்த பத்து நாள் அளவை, நாலு வருட அளவுக்கு எதிராக வைத்தால் யாரும் நம்ப மாட்டார்கள். கேமரா கெட்டுவிட்டது, பாவம் செலஸ்டினுக்குக் குளிர் தலைக்கேறிவிட்டது என்பார்கள். ஏன் தப்பானது என்று சொன்னால்தான் நம்புவார்கள். எழுதியதை ஓரமாக வைத்துவிட்டுப் பேசி அனுப்பினேன். அனுப்பியது இது:

“தண்டலுக்கும் சபைக்கும், செலஸ்டின் மோத்தா பேசுதேன். எஞ்சினப் பத்த வைக்காதீங்க. புதுக்கரையில ஒரு நாளு இருநூத்து நாப்பத்தஞ்சு மணி. நான் பட்டியல் நேரத்துக்கு அளக்கல. நாலு வருசமா தெனமும் காலைல ஆறு மணிக்கு மட்டுந்தான் அளந்தேன். படிவத்துல நாப்பத்தொம்பது தடவ பொய்யா டிக் போட்ருக்கேன். ஏன் தப்பாச்சுன்னு உங்க ஆளுங்களுக்கு இத மட்டும் சொன்னாப் போதும், அவுகளுக்கே புரிஞ்சிரும். பத்து நாளு அளவு இதோட வருது. ஆறு நாளைக்கு முந்தியே எனக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சும் சொல்லல, நீங்க வரணும்னு இருந்துச்சு. அக்கா, சபையில நீ எனக்காக நின்ன. ஒன்னயும் பொய்யாக்கிட்டேன். மெர்லின்கிட்ட சொல்லு, சூரியன யாரும் அணைக்க வேண்டாம், அது தானா அணையும்னு.”

07:05க்குப் போய்விட்டது. திரும்பப் பிடிக்க முடியாது.

நாள் 1546 | 07:05

இப்போது போய்ச் சேர்ந்திருக்கும். அவர்களுக்கு யோசிக்க மூன்று நாள். இன்னும் ஒரு வாரம் கொடுத்திருக்கலாம், அந்த வாரத்தை நான் தின்றுவிட்டேன்.

வழக்கத்துக்கு மாறாக அறையைப் பெருக்கினேன். இன்னும் பத்தொன்பது நாளுக்குப் பதில் வராது.

நாள் 1565 | 12:00

பதில் வரக்கூடிய முதல் நாள். வரவில்லை.

நாள் 1567 | 12:00

வரவில்லை. நம்பவில்லை போலிருக்கிறது. அல்லது சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அக்காவைத் திட்டுகிறார்களோ என்னவோ.

கேமரா பூட்டிய தொலைநோக்கியைப் புதுக்கரையிலிருந்து எடுத்துப் பின்பக்கம் தோணி இருக்கும் திசைக்குத் திருப்பிவிட்டேன். பற்றவைத்தால் எஞ்சினின் வாய் என்னை நோக்கி இருக்கும். நாலாயிரம் டிகிரி நெருப்பு. வெறும் கண்ணுக்கே ஒரு புது விண்மீன் மாதிரித் தெரியும் என்று பயிற்சியில் சொன்னார்கள்.

நாள் 1568 | 09:00

1549இல் பற்றவைத்திருந்தால் அந்த வெளிச்சம் இப்போது வந்து சேர வேண்டும். கண்ணாடியில் முகத்தை அழுத்திக்கொண்டு பார்க்கிறேன். மூச்சு பட்டுப் பனி படிகிறது, துடைத்துத் துடைத்துப் பார்க்கிறேன்.

இருட்டு.

எரிய வேண்டும் என்று மனதின் ஒரு மூலை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது. அதை மறைக்கவில்லை. எரிந்தால் அவர்கள் வருகிறார்கள்.

நாள் 1568 | 17:00

இருட்டு.

நாள் 1569 | 05:00

இருட்டு. நேரம் தாண்டி இருபது மணி ஆகிறது. பற்றவைக்கவில்லை.

தரையில் உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரம் சிரித்தேன், பிறகு அது சிரிப்பாக இல்லை. தொள்ளாயிரத்துப் பதினோரு பேர். எல்லோரும் உயிரோடு என்னை விட்டு வளைந்து போகிறார்கள்.

நாள் 1569 | 14:25

செய்தி. கடைசிச் செய்தியாகத்தான் இருக்கும்.

“செலஸ்டின். அக்கா. நீ சொன்னது வந்துச்சு. மூணு நாளு சபை கலையவே இல்ல. பாதிப் பேரு நம்பல. நம்ம கணக்கு ஆளுங்க ஒன் ஆறு மணியப் போட்டுப் பாத்துட்டு, அவன் சொல்றது சரிதான்னுட்டாவ. அப்பறம் தண்டல் எந்திரிச்சு, வளைப்போம்னு சொல்லிட்டாவ. சில பேரு எங்கிட்ட பேசுறதில்ல. அது கெடக்கட்டும். எனக்கு ஒம்மேல கோவம் இருக்கு, இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். அந்த ஆறு நாளு எதுக்குல சும்மா இருந்த? ஆனா ஆறு மணிக்கு எந்திரின்னு சொன்னது நான். அத சபையிலயும் சொல்லிட்டேன். விளக்கத் திருப்பி இருவத்து நாலுக்குக் கொண்டு வாரேன், வாரத்துக்கு ஒரு நிமிசமா. இன்னும் மூணு வருசம் ஆவும். மெர்லினுக்கு அது எதுக்குன்னே புரியல. புது தெசைக்கு ஆண்டெனாவத் திருப்பிட்டா இனி ஒனக்குப் பேச முடியாதாம். பத்து நிமிசந்தான் தந்தாவ. அந்த முந்திரி அப்படியே இருக்கு. யாருக்கும் குடுக்க மாட்டேன். தம்பி. சாப்பிட்டியால?”

இதற்குப் பின் நாலு நிமிடம் பதிவு ஓடுகிறது. மூச்சு மட்டும் கேட்கிறது, நடுவில் ஒரு குழந்தை ஏதோ கேட்கிறது, பிறகு நின்றுவிடுகிறது.

சாப்பிட்டேன் அக்கா.

நாள் 1570 | 06:00

விழிப்பு வந்துவிட்டது. உடம்புக்கு வேறு நேரம் தெரியவில்லை. எழுந்து முகம் கழுவி, தொலைநோக்கியைப் புதுக்கரைக்குத் திருப்பி, கேமராவைப் போடப் போய்விட்டேன்.

போடாமல் திரும்ப வந்து படுத்துக்கொண்டேன்.

நாள் 1570 | 11:26

பட்டியல்படி, முதல் வரியிலிருந்து. ஒளி அளவு 380. கடல் முகம். இதற்குக் கீழே போகாது, இனி ஏறும்.

இதை எடுத்துப் படிப்பவர் யாராக இருந்தாலும்: முதல் பதினைந்து குறிப்பேட்டில் உள்ள எண்களை எடுத்துக்கொள்ள வேண்டாம். 1511இலிருந்து உள்ளவை சரி.

பட்டியலில் அடுத்தது நாளை 03:51. அலாரம் வைத்திருக்கிறேன்.

நாள் 1571 | 03:51

390.